காலியாகாத டப்பாக்கள்

செஞ்சி கடலை மண்டியில் மூட்டை தூக்கியவன் நான். இன்றைக்கு அந்த மண்டித் தெருவில் பாதிக் கட்டடம் என் பெயரில் இருக்கிறது. படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் கடைசி ஆறு மாதம் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. இதையெல்லாம் எதற்கு எழுதுகிறீர்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். பெருமைக்குத்தான் எழுதுகிறேன். தன் உழைப்பில் மேலே வந்தவன் அதைத் தானே சொல்லாவிட்டால் வேறு யார் வந்து சொல்லப்போகிறார்கள்?

போன வாரம் பேப்பரில் ஒரு செய்தி போட்டிருந்தான். ராணுவ ஆஸ்பத்திரிகளில் எவ்வளவு மருந்து, எத்தனை கட்டில், எத்தனை நர்ஸ் அடுத்த மாதத்துக்கு வேண்டும் என்று கம்ப்யூட்டரே கணக்குப் பார்த்து முன்கூட்டிச் சொல்லிவிடுமாம். புதுசு என்று எழுதியிருந்தான். எனக்கு அது புதுசு இல்லை. அந்த வேலையை நானும் ஒரு கேப்டனும் செஞ்சியில் ஒரு கரும்பலகையில் செய்தோம். என் அண்ணனுடைய கால் அந்தப் பலகையை நம்பித்தான் கிடந்தது.

பாகிஸ்தான் சண்டை முடிந்த சமயம். அடிபட்டவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் இடம் போதாமல், பாதி தேறியவர்களை ஊர் ஊராகப் பிரித்து வைத்தார்கள். எங்கள் ஊரில், கோட்டைக்குப் போகிற வழியில், சும்மா கிடந்த கடலைக் கிடங்கு ஒன்றை எடுத்து, சுற்றிலும் கூடாரம் அடித்தார்கள். ஊர்க்காரர்கள் அதற்குப் 'பட்டாளத்து ஆஸ்பத்திரி' என்று பெயர் வைத்தார்கள். பட்டாளத்தில் இருந்த என் அண்ணனும், சொந்த ஊர்ப் பக்கம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தான். குண்டுச் சில்லு முழங்காலுக்குக் கீழே எலும்பில் பாய்ந்திருந்தது. சில்லை எடுத்துவிட்டார்கள். எலும்புக்குள் சீழ் மட்டும் நிற்கவில்லை.

கட்டில் இறக்கத்தான் நான் முதலில் அங்கே போனேன். லாரியைப் பார்த்தேன், கிடங்கைப் பார்த்தேன். "சார், இதுல வந்த கட்டில் அத்தினியும் உள்ள கொள்ளாது. நாலஞ்சு வெளியே நிக்கும்" என்றேன். அங்கே பொறுப்பில் இருந்த டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், கேப்டன். அவர் சிரித்தார். நாலு கட்டில் வெளியே நின்றது. நாளையிலிருந்து வேலைக்கு வந்துவிடு என்றார். மூட்டை தூக்கியவன் ஒரே நாளில் சர்க்கார் ஆள் ஆனேன். மண்டியில் என்னோடு தூக்கியவர்கள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அண்ணன் காலைப் பற்றிக் கேப்டன் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். "தினமும் கழுவணும், தினமும் கட்டு மாத்தணும், ஊசி ஒரு நாள்கூட விடக் கூடாது. அப்படிச் செஞ்சா வருஷக் கடைசியில உங்க அண்ணன் நடப்பான். இங்கே நான் அதைச் செய்ய முடியும். பெரிய ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பினா, ஒரு காலுக்காக அங்கே அவ்வளவு நாள் கட்டில் கொடுக்க மாட்டாங்க."

"இன்னா சார் செய்வாங்க?"

"எடுத்துடுவாங்க."

விஷயம் அவ்வளவுதான். அண்ணன் செஞ்சியில் இருக்கிற வரைக்கும் கால் இருக்கும்.

கேப்டன் கணக்குப் பிரியர். கிடங்குச் சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டி, ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு கோடு போட்டு, யாருக்கு எவ்வளவு துணி, எவ்வளவு பஞ்சு, எத்தனை ஊசி, எவ்வளவு பால் என்று தினமும் வெள்ளைச் சாக்பீஸால் குறித்து வந்தார். மாதக் கடைசியில் அதைப் பார்த்து அடுத்த மாதத்துக்கு மதிப்புப் போடுவார். அந்தக் கணக்குக்கு நான்தான் உயிர் கொடுத்தேன் என்று சொன்னால் அது பொய் இல்லை. மழை பெய்த மறுநாள் புண் அதிகமாகக் கசியும், துணி இரண்டு பங்கு போகும் என்று சொன்னது நான். சந்தை நாளில் சொந்தக்காரர்கள் பஜ்ஜியும் கறியும் கட்டிக்கொண்டு வருவார்கள், மறுநாள் வயிற்று மருந்து தீரும் என்று சொன்னதும் நான்தான். கேப்டன் மழையையும் சந்தையையும் பலகையில் ஏற்றினார். அதற்குப் பிறகு அவர் போட்ட மதிப்பு பெரும்பாலும் பிசகவில்லை.

இன்னொன்றும் சொன்னேன். மண்டியில் விற்ற மூட்டையை மட்டும் எண்ணுகிறவன் உருப்பட மாட்டான். கேட்டுவிட்டுக் கிடைக்காமல் திரும்பிப் போனானே, அவனையும் எண்ண வேண்டும். அப்போதுதான் நாளைக்கு எவ்வளவு வாங்கிப் போடலாம் என்று தெரியும். இதைச் சொன்னதும் கேப்டன் பெட்டியைத் திறந்து சிவப்புச் சாக்பீஸை எடுத்தார்.

"நானும் இதை யோசிச்சு வெச்சிருந்தேன். ஆனா மேல அனுப்பற தாள்ல இதுக்கு இடம் இல்லை. கையிருப்பு எவ்வளவுன்னு மட்டும்தான் கேக்கறான்."

"பலகையிலயாவது போடுங்க சார்."

போட்டார். கொடுத்தது வெள்ளை, கேட்டும் கொடுக்காதது சிவப்பு. இரண்டே வாரத்தில் பலகை வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் படுத்த வாக்கில் அதைப் பார்த்துக் கத்தினான்.

"டேய், என் கட்டிலுக்கு நேரா மட்டும் ஏன்டா இம்மாஞ் செவப்பு? நான் இன்னா கொடி புடிக்கிற கட்சியா?"

"நீதான்டா ரொம்ப கேக்குற."

"கேட்டா குடுக்கணும்டா. ஸ்டோருக்குப் போனா நாளைக்கின்றாரு. நாளைக்கிப் போனா நாளைக்கின்றாரு. பொண்ணு கேட்டுப் போனவன் மாதிரி திரும்பி வர்றாங்க ஆர்டர்லிப் பசங்க."

சரக்கு இருந்தும் ஸ்டோரில் ஏன் கொடுப்பதில்லை என்று கேப்டனுக்குப் புரியவில்லை. எனக்கு உடனே புரிந்தது. நான் இந்த ஊர்க்காரன்.

ஸ்டோர் ஐயாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பஜாரில் மளிகைக்கடை வைத்து நொடித்துப்போன குடும்பத்துப் பெரியவர். நாணயமானவர், ஒரு பஞ்சு உருண்டையைக்கூட வீட்டுக்குக் கொண்டு போக மாட்டார். மருந்து அலமாரிச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் அரிசிப் பானையை அடிவரைக்கும் வழிக்க மாட்டார்கள். ஒரு பிடி மிச்சம் வைத்து, அதன்மேல்தான் புது அரிசியைக் கொட்டுவார்கள். உப்பு ஜாடியும் அப்படித்தான், எண்ணெய்த் தூக்கும் அப்படித்தான். வழித்துவிட்டால் வீட்டுக்கு ஆகாது. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, கை தானாகச் செய்யும். ஐயாவும் மருந்து டப்பாக்களை அப்படித்தான் வைத்திருந்தார். பஞ்சு, துணி, டிங்சர், பென்சிலின் எல்லாவற்றிலும் அடியில் கொஞ்சம் இருக்கும். டப்பாக்களுக்கு வெள்ளிக்கிழமை குங்குமப் பொட்டு. ஒரு பிடி மிச்சம் வைக்க வேண்டுமானால் அது தீர்வதற்கு முன்னாலேயே கையை மூட வேண்டும் அல்லவா? மாதத்தின் கடைசி வாரம் அவர் கை மூடிவிடும். அந்த வாரத்தில் அண்ணனுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் கட்டு மாறும். ஊசி சில நாள் தவறும்.

மாதக் கடைசியில் மெட்ராஸிலிருந்து ஒரு மேலதிகாரி ஜீப்பில் வருவார். வடக்கத்திக்காரர், இங்கிலீஷில் பேசுவார். அலமாரியைத் திறந்து காட்டச் சொல்வார். எந்த டப்பாவைத் திறந்தாலும் உள்ளே சரக்கு இருக்கும். துடைத்து, அடுக்கி, பொட்டு வைத்து மணவறை மாதிரி இருக்கும் அலமாரி. அவர் ஐயாவின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார். கேப்டன் கரும்பலகையைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ விளக்குவார். அதிகாரி தலையை ஆட்டுவார், கடிகாரத்தைப் பார்ப்பார்.

பத்து நாளில் உத்தரவு வரும்: இந்த முகாமில் கையிருப்பு எப்போதும் மிஞ்சுகிறது, ஆகையால் அடுத்த மாதம் சரக்கு குறைத்து அனுப்பப்படும். சரக்கு குறைந்து வந்தால் ஐயாவின் கை இன்னும் சீக்கிரம் மூடும். பலகை இன்னும் சிவக்கும். மாதக் கடைசியில் டப்பாக்களில் மறுபடியும் மிச்சம் இருக்கும். மறுபடியும் குறைப்பார்கள்.

இரண்டாம் தடவை குறைத்தபோது கேப்டன் ஐயாவைக் கூப்பிட்டார். நானும் இருந்தேன்.

"ஐயா, கேக்கறதை எல்லாம் கொடுத்துடுங்க. தீர்ந்தா தீரட்டும். தீர்ந்து போச்சுன்னு தெரிஞ்சாத்தான் மேல அனுப்புவான்."

ஐயா இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டார்.

"வெறும் டப்பாவ கொண்டாந்து ஆபீசருக்குக் காட்டச் சொல்றீங்களா சார்?"

"ஆமா."

"சார், நான் கடைய மூடினேன். கடைசி நாள், பொருள எல்லாம் ஏலத்துல எடுத்துக்கினு போறாங்க. அன்னிக்கிகூட உப்பு ஜாடில ஒரு பிடி வெச்சிட்டுத்தான் பூட்டினேன்."

"வெச்சும் மூடித்தான கெடந்துச்சு கடை?" என்றேன் நான்.

"நீ பேசாத. மூட்ட தூக்கறவனுக்கு அலமாரியப் பத்தி இன்னா தெரியும்?"

"உங்க ஒரு பிடி எங்க அண்ணன் கால்ல கெடக்குது, அது தெரியும்."

ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க அண்ணனுக்குத்தான்டா வெக்கிறேன். திடீர்னு ஒரு நாள் ராத்திரில ரத்தம் கொட்டிச்சின்னா, அலமாரில ஒண்ணும் இல்லன்னா, நீ யாரக் கேப்ப? என்னத்தான கேப்ப?"

அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. கேப்டன்கூடத் தலையை ஆட்டினார். பிறகு, "அவசரத்துக்குன்னு தனியா நான் என் பெட்டில வெச்சுக்கறேன். அலமாரி காலியாகணும்" என்றார். ஐயா சரி என்றார். அந்த மாதமும் எல்லா டப்பாவிலும் மிச்சம் இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, தானும் எவ்வளவோ முயன்றதாகவும், கடைசிப் பொட்டலத்துக்கு நேராகக் கை போகவில்லை என்றும் சொன்னார். சமையற்கார அம்மாவும் அப்படியே. செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்துக்காரி. பால் பவுடர் டின்னை வழித்துக் கொடு என்றதற்கு, "என் புள்ளைங்க நல்லாருக்கணும் சார், நீங்களே வழிச்சுக்கோங்க" என்று கரண்டியைக் கேப்டன் கையில் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சாவி என்னிடம் வந்தது.

நான் கொடுத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் கேட்டபடி கொடுத்தேன். மழை பெய்தால் கேட்பதற்கு முன்பே இரண்டு பங்கு துணி எடுத்து வைத்தேன். டப்பா அடியில் மாதக்கணக்காகக் கிடந்த மிச்சமும் சேர்ந்ததால், குறைந்து வந்த சரக்கே போதுமானதாக இருந்தது; சிவப்புக் கோடு நின்றுபோனது. அண்ணனுக்குத் தினமும் கட்டு மாறியது, ஊசி தவறவில்லை. சீழின் நாற்றம் குறைந்தது. ஒரு நாள் கட்டைப் பிரித்துப் பார்த்த கேப்டன் என்னைக் கூப்பிட்டு, புண்ணின் ஓரத்தில் சிவப்பாகப் புதுச் சதை வளர்வதைக் காட்டினார். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டான். அந்த மாதக் கடைசியில் டப்பாக்களைக் கவிழ்த்து, தட்டி, துடைத்து அடுக்கினேன். எங்கள் வீட்டில் எந்தப் பானையையும் நான் அப்படித் துடைத்ததில்லை. கை கொஞ்சம் கூசியது. துடைத்தேன். செஞ்சியில் வேறு எவனும் செய்யத் துணியாத வேலை அது. நான் செய்தேன்.

ஐயா வாசலில் நின்று பார்த்தார். உள்ளே வரவில்லை.

"நல்லா இல்லடா" என்றார்.

"கால் நல்லாருக்குது ஐயா."

மேலதிகாரி வருவார், வெறும் அலமாரியைப் பார்ப்பார் என்று காத்திருந்தோம். அவர் வரவில்லை. உத்தரவுதான் வந்தது. கேப்டன் அதைப் படித்துவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார். சரக்கைப் பல தடவை குறைத்தும் இந்த முகாமில் ஒருபோதும் தட்டுப்பாடு வரவில்லை. ஆகவே இங்கே இருப்பவர்களுக்கு அதிகச் சிகிச்சை தேவைப்படவில்லை என்று தெரிகிறது. தேறியவர்களை வீட்டுக்கு அனுப்பலாம், மற்றவர்களை வடக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம். முகாமை மூடிவிடலாம்.

"நம்ம அலமாரி காலியாதான சார் இருக்குது?"

"அது இந்த மாசம். அவங்க முடிவு பண்ணினது முந்தின மாசங்களை வெச்சு."

கேப்டன் தபாலாபீசுக்குப் போய் மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். கத்திக் கத்திப் பேசினார். மழை, சந்தை, சிவப்பு, வெள்ளை எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்கிறார் என்று குரலை வைத்தே தெரிந்தது. வெளியே வந்து, "இதையும் அடுத்த மாசக் கணக்கோட சேர்த்து அனுப்பச் சொல்றான்" என்றார். அடுத்த கணக்கு அனுப்புவதற்கு முகாம் இருக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பினோம். வழியில் ஒரு கடையில் டீ குடித்தோம். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. டீயில் சர்க்கரை குறைவு என்று கடைக்காரனிடம் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

மூட்டை கட்ட மெட்ராஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அலமாரியைத் திறந்த ஒருவன், "பரவால்லியே, ஒண்ணுமே இல்ல, வேல மிச்சம்" என்றான். கட்டில்களை நானே லாரியில் ஏற்றினேன். எப்படி அடுக்கினால் எல்லாம் கொள்ளும் என்று எனக்குத்தான் தெரியும். ஒரு கட்டில்கூட வெளியே நிற்கவில்லை.

அம்மா வந்தாள். கேப்டனைப் பார்த்துக் கும்பிட்டாள். "சார், இவன வூட்டுலயே வெச்சிக்கிறோம். நீங்க சொல்ற மாரி தெனம் கழுவறோம்" என்றாள்.

"அவர் இன்னும் பட்டாளத்து ஆள்மா. நான் விட முடியாது. விட்டாலும் ஊசி மருந்துக்கு எங்கே போவீங்க?"

அம்மா மறுபடியும் கும்பிட்டாள்.

திண்டிவனம் ஸ்டேஷன்வரைக்கும் நான் கூடப் போனேன். அண்ணனைப் பிளாட்பாரத்தில் ஸ்டிரெச்சரோடு வைத்திருந்தார்கள். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா, மூஞ்சிய அப்படி வெச்சிருக்க?"

"எப்பிடி?"

"கட மூடின ஸ்டோர் ஐயா மாரி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சிரித்தான்.

"கால எடுப்பாங்களாடா?" என்று கேட்டான்.

அந்த மாதம் கேப்டனும் நானும் போட்ட மதிப்பு எதுவும் பொய்யாகவில்லை. இதற்கும் விடை எனக்குத் தெரியும்.

"எடுப்பாங்க" என்றேன்.

"சரி" என்றான். போர்வையைக் காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, "அம்மாகிட்ட நீயா சொல்லாத. நான் வந்து காட்டிக்கிறேன்" என்றான்.

ரயில் வந்தது, ஏற்றினார்கள், போனது. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கடையில் இட்லி சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. இன்னும் இரண்டு வாங்கிச் சாப்பிட்டேன். பஸ் ஏறி ஊருக்கு வந்து, மறுநாள் காலையில் மண்டிக்குப் போனேன். அங்கிருந்து எப்படி மேலே வந்தேன் என்பதை எழுதினால் அது தனிப் புத்தகம் ஆகும்.

அடுத்த வருஷம் கடலை அறுவடைச் சமயத்தில் அவன் வந்தான். பஸ் ஸ்டாண்டில் நான் நின்றுகொண்டிருந்தேன். கண்டக்டர் முதலில் ஊன்றுகோல்களை இறக்கினார், பிறகு கையைக் கொடுத்து அவனை இறக்கினார். பேண்ட்டின் ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே மடித்து ஊக்குக் குத்தியிருந்தது. மடிப்பு சுத்தமாக இருந்தது, பட்டாளத்து மடிப்பு. சுற்றி நின்றவர்கள் அதையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நெஞ்சுக்குள் ஏதாவது வரும் என்று நினைத்தேன்.

"சாப்டியா?" என்றேன்.

"திண்டிவனத்துல சாப்ட்டேன். நீ?"

"இல்ல."

"அப்ப வா, மொதல்ல நீ சாப்புடு."

பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். என் நடை எப்போதும் வேகம். நாலு எட்டு வைத்த பிறகுதான் அவன் பின்னால் நிற்கிறான் என்று தெரிந்தது. நின்றேன். அவன் வந்து சேர்ந்தான். மறுபடியும் நடந்தோம்.